வால் முன்னே வந்த லாரி

லாரியின் மூக்கு பூண்டு வயலில் புதைந்திருந்தது. பின்பக்கம் சாலையோரக் கற்சுவரின் மேல் ஏறி, சக்கரங்கள் மண்ணைத் தொடாமல் நின்றன.

பூம்பாறைக்குக் கொஞ்சம் முன்னால் உள்ள வளைவு அது. எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கியபோது ஓரம் சரிந்து, லாரி முன்பக்கமாக, சாலைக்குக் கீழே படிப்படியாக இறங்கும் வயல்களில் முதல் தட்டுக்குள் இறங்கிவிட்டது. யாருக்கும் அடி இல்லை. உருளைக்கிழங்கு மூட்டைகளை ஊர்க்காரர்கள் இறக்கிச் சாலையோரம் அடுக்கியிருந்தார்கள். பிரிந்துபோன ஒரு மூட்டையின் கிழங்குகள் கீழ்த்தட்டுகள் வரை உருண்டு கிடந்தன. டீசலும் ஈர மண்ணும் நசுங்கிய பூண்டுத்தாளும் கலந்த வாசனை. பனி விலகி வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

நான் வண்டியை வளைவில் நிறுத்திவிட்டு இறங்கினேன். கூட்டத்தில் ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது.

"பாடை வந்திருச்சுப்பா."

அது என் வண்டிக்கு மலைப்பாதை டிரைவர்கள் வைத்த பெயர். விழுந்த வண்டிகளையும் வழியில் நின்றுபோன வண்டிகளையும் இழுத்துவரும் ரிக்கவரி வண்டி. அதை எடுத்துக்கொண்டு நான் தனியாகப் போன முதல் வேலை இதுதான். இந்த லாரி மேலே வந்தால் நான் டிரைவர். வராவிட்டால் திரும்பவும் காட்டுக்குள் மரப்பட்டை உரிக்கப் போக வேண்டியதுதான்.

ஆண்டு கேட்பவர்களுக்கு

போன வாரப் பகுதியைப் படித்த வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகள் எழுதியிருக்கிறார். ஆண்டுகளை ஏன் போடுவதில்லை? கொடைக்கானலைப் பற்றி எழுதுகிறவர், அங்கே வந்து தங்கிய பெரிய மனிதர்களைப் பற்றி ஏன் எழுதுவதில்லை?

முதல் கேள்விக்குப் பதில்: ஆதாரம் இல்லாத ஆண்டை நான் எழுதமாட்டேன். நாள், கிழமையெல்லாம் சரிபார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. சரிபார்க்க முடியாதபோது வாயை மூடிக்கொள்வதும் அதே பழக்கத்தின் பகுதிதான். இந்தச் சம்பவத்தைப் பொறுத்தவரை உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவே: ஒரு குறிஞ்சி பூத்து ஓய்ந்து, அடுத்த குறிஞ்சி பூக்காத இடைக்காலம். திண்டுக்கல் இன்னும் தனி மாவட்டம் ஆகவில்லை. நாங்களெல்லாம் மதுரை மாவட்டத்துக்காரர்கள். வயலில் பூண்டு கணுக்கால் உயரம் நின்றது. இதற்குமேல் துல்லியம் வேண்டுமென்றால் கற்பனைதான் செய்ய வேண்டும்.

இரண்டாவது கேள்விக்குப் பதில்: பெரிய மனிதர்களை அவர்களுடைய கார் நின்றுபோன நேரத்தில் மட்டுமே எனக்குத் தெரியும். கார் நின்றுபோன இடத்தில் எவரும் பெரிய மனிதராக இருந்து நான் பார்த்ததில்லை. ஆகவே அவர்கள் இந்தத் தொடரில் வரமாட்டார்கள். லாரிகள் வரும்.

சிலோன் மலை வேறாம்

மண்டபம் முகாமிலிருந்து எங்கள் குடும்பம் இந்த மலைக்கு வந்த கதையைப் போன வாரமே எழுதிவிட்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக இரண்டு வரி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் நான். அங்கே கொழுந்து மூட்டை ஏற்றிய தோட்டத்து லாரியை மலைச்சரிவுகளில் ஓட்டினேன். இரு நாட்டு ஒப்பந்தப்படி இங்கே அனுப்பப்பட்டவர்களோடு நாங்களும் வந்தோம். வந்த இடத்தில் கொடுத்த வேலை, வாட்டில் மரத்தில் பட்டை உரிப்பது. தோல் பதனிடுவதற்குப் போகும் பட்டை அது. உரித்து உரித்து விரல் நுனிகள் கறுத்துப்போகும். சோப்புப் போட்டாலும் போகாது.

இங்கே ஓட்டுவதற்கான லைசென்ஸை வாங்கிக்கொண்டு, வத்தலக்குண்டில் லாரி வைத்திருந்த தங்கராசு முதலாளியிடம் போய் நின்றேன். மேல்மலைக் காய்கறியில் பாதி அவருடைய லாரிகளில்தான் இறங்கும். அவர் லைசென்ஸைப் பார்க்கவில்லை. என் விரல்களைப் பார்த்தார்.

"எங்கனலே ஓட்டுன?"

"தோட்டத்துலங்க. மலைப்பாதைதான்."

"அது சிலோன் மலை. இது பழனி மலை. இங்கன உன்ன நம்பி வண்டி குடுக்க ஏலாது."

கடைசிச் சொல்லை என் மாதிரியே இழுத்துச் சொன்னார். நாங்கள் 'முடியாது' என்பதற்கு 'ஏலாது' என்போம். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

மலை என்றால் எங்கேயும் ஒரே பாடம்தான். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு. அதை இலங்கையில் கற்றாலும் இங்கே கற்றாலும் பிரேக் ஒரே மாதிரிதான் சூடாகும். இதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

கொடைக்கானலில் ஏரிக்குக் கீழே பட்டறை வைத்திருந்த சவரிமுத்து என்னை எடுத்துக்கொண்டார். இரண்டாம் உலக யுத்த காலத்து லாரி ஒன்றை வாங்கி, பின்னால் இரும்புச் சட்டத்தில் கப்பி மாட்டி, கையால் சுற்றிக் கம்பி வடத்தை இழுக்கும் வின்ச் பொருத்தி அவரே செய்த வண்டி அது. ஓட்டத்தான் ஆள் இல்லை. டீக்கடைக்காரர்கள் அதைத் தங்கள் கடை முன்னால் நிறுத்தவிட மாட்டார்கள். காலையில் முதல் வண்டியாக அது எதிரே வந்தால், சில டிரைவர்கள் நிறுத்தி, எலுமிச்சம்பழத்தைச் சுற்றிப் போட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

"பிரதர், இது ஆஸ்பத்திரி வண்டி. இந்த முட்டாப்பசங்க பாடைங்கறானுக. உங்களுக்கு ஏதும் அப்ஜெக்ஷன் உண்டா?" என்று கேட்டார் சவரிமுத்து.

"ஸ்டியரிங் இருக்குல்லங்க?"

"இருக்கு."

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லைங்க."

முதல் வண்டி மேலே வந்தால் நிரந்தரம் என்பது எங்களுக்குள் பேச்சு. அந்த முதல் வண்டி தங்கராசு முதலாளியின் லாரியாக அமைந்தது. கொடைக்கானலில் இழுவை வண்டி என்றால் அன்றைக்கு எங்களுடையது ஒன்றுதான். அவருக்கும் வேறு வழி இல்லை.

முகம் பார்த்து இழு

முதலாளி ஜீப்பில் வந்து எனக்கு முன்பே அங்கே நின்றிருந்தார். லாரியின் டிரைவர் செல்லப்பாண்டி ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். பத்துப் பன்னிரண்டு வருடம் இந்தப் பாதையில் ஓட்டியவர். கையில் பீடி இருந்தது, பற்றவைக்க மறந்திருந்தார்.

நான் வயலில் இறங்கிச் சுற்றிப் பார்த்தேன். அச்சு உடையவில்லை. ரேடியேட்டர் தப்பியிருந்தது. முன் பம்பர் மட்டும் வளைந்து மண்ணுக்குள் போயிருந்தது. மேலே ஏறி வந்து, கம்பி வடத்தின் கொக்கியை எடுத்து லாரியின் பின் சட்டத்துக்கு அருகே போனேன்.

"ஏலே, அங்கன எங்க போற?" என்றார் முதலாளி.

"கொக்கி மாட்டத்தாங்க."

"பின்னாடியா? மொகத்தப் பாத்து இழுலே."

எனக்குப் புரியவில்லை. செல்லப்பாண்டிதான் விளக்கினார். விழுந்த லாரி மேலே வரும்போது முகம்தான் முதலில் சாலையைப் பார்க்க வேண்டும். பிணம்தான் கால் முன்னே போகும். வால் முன்னே ஏறிய லாரிக்கும் அதே கணக்கு. அது திரும்பவும் விழும். விழும்போது டிரைவரையும் கொண்டுபோகும். வால் முன்னே வந்த லாரியில் இந்த மலையில் எவரும் ஏறியதில்லை என்றார். அவர் என்னைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அவருக்கே பயம்.

நம்பிக்கைகளைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். கடலோடிகள் கப்பலில் எதையெதைச் சொல்லக்கூடாது, சுரங்கக்காரர்கள் எந்த நாளில் இறங்கக்கூடாது என்றெல்லாம். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்யும் வேலைகளில்தான் இவை முளைக்கின்றன. ஆகவே செல்லப்பாண்டியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் கணக்கு வேறு.

முகம் பார்த்து இழுக்க வேண்டுமென்றால், அந்தக் குறுகலான தட்டில் லாரியை அரை வட்டம் திருப்ப வேண்டும். ஈர மண். பாதி திரும்பும்போதே அது அடுத்த தட்டுக்குப் புரளும். அதற்குக் கீழே இன்னும் தட்டுகள், அப்புறம் ஓடை. பின்பக்கமாக இழுத்தால் நேர் கோடு.

"ஏலாதுங்க முதலாளி. திருப்புனா புரண்டுரும். பின்னாடியாத்தான் வரும்," என்றேன்.

"வண்டி யாருதுலே?"

"உங்களுதுங்க. கம்பி என்னுது."

அந்தப் பதிலை நான் யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகு திரும்ப எடுக்கவும் மனம் வரவில்லை.

"கொக்கியக் கீழ வைலே. வத்தலக்குண்டுல இருந்து ஆள் கொண்டாந்து திருப்பிக்கிறேன்."

அப்போதுதான் வயலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. நசுங்கிய பாத்திகளுக்கு நடுவே, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தார். வெள்ளையம்மாள். வயல் அவருடையது. அவ்வளவு நேரமும் ஒடிந்த பூண்டுச் செடிகளைப் பிடுங்கி ஒதுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து நின்றார்.

"திருப்புறதா? எங்கன திருப்புறது? இருக்கற பாத்தியும் போறதுக்கா?"

"நட்டத்தப் பேசிக்கலாம்மா," என்றார் முதலாளி.

"பேச்சுல பூண்டு மொளைக்குமா? தம்பி, நீ பின்னாடியாவே இழு."

"உங்களுக்குத் தெரியாதும்மா. விழுந்த வண்டிக்குன்னு ஒரு மொறை இருக்கு."

"எங்களுக்கா தெரியாது? தேருக்குப் பின்னாலயும் வடம் கட்டி இழுக்குற ஊரு இது. சாமியவே முன்னயும் பின்னயும் புடிச்சுத்தான் கொண்டு போறோம். ஒங்க லாரிக்கு என்ன பெரிய மொகம், முதுகு?"

படிக்கிறவர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். பூம்பாறை முருகன் கோயில் தேருக்கு இரண்டு பக்கமும் வடம். தெரு சரிவானது. முன்வடம் மட்டும் இருந்தால் இறக்கத்தில் தேர் இழுப்பவர்கள் மேலேயே ஓடிவரும். ஆகவே பின்னாலும் கூட்டம் பிடித்து நிற்கும். முன்னால் இழுப்பவர்களும் பின்னால் நிறுத்துபவர்களும் சேர்ந்துதான் தேரை நகர்த்துவார்கள்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இன்னொருவர், "அந்தக்கா சொல்றது வாஸ்தவந்தான்," என்றார். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். கிழங்கு அன்று சாயங்காலத்துக்குள் மண்டிக்குப் போயாக வேண்டும்.

நான் கொக்கியை மாட்டினேன்.

பின்வடம்

என் வண்டியைச் சாலைக்குக் குறுக்கே திருப்பி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, எதிர்ப்பக்கத்துத் தைல மரத்தோடு சங்கிலியால் கட்டினேன். வின்ச் சுற்ற நான்கு பேர் முன்வந்தார்கள்.

ஒரு சிக்கல் இருந்தது. பின்பக்கம் மேலே ஏற ஏற, மூக்கு பக்கவாட்டில் நழுவும். வெள்ளையம்மாள் சொன்ன தேர் என் மண்டையில் ஓடிக்கொண்டிருந்ததால், மூட்டை கட்டும் வடக்கயிற்றை எடுத்து லாரியின் முன்சட்டத்தில் முடிந்து, வயலோரம் இருந்த பேரி மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, ஊர்க்காரர்கள் கையில் கொடுத்தேன். எப்போது இறுக்க, எப்போது விட என்று நான் விளக்க வாயெடுத்தேன். தேவைப்படவில்லை. தேருக்குப் பின்னால் நின்று பழகிய கைகள் அவை.

வின்ச் முனகியது. கம்பி விறைத்து, சுவரிலிருந்து ஒரு கல் பெயர்ந்து விழுந்தது. மண் லாரியின் மூக்கை விடாமல் உறிஞ்சிக்கொண்டிருந்தது. பிறகு ஈரச் சத்தம் ஒன்றோடு விட்டது. "விடு, விடு, புடி," என்று பேரி மரத்தடியில் குரல். லாரி வாலைத் தூக்கிக்கொண்டு அங்குலம் அங்குலமாக ஏறியது. ஒரு தடவை மூக்கு இடப்பக்கம் நழுவப் பார்த்தது; பின்வடம் அதை அப்படியே நிறுத்தியது.

முன்சக்கரங்களும் தார் ரோட்டைத் தொட்டபோது யாரும் ஆரவாரம் செய்யவில்லை. எல்லாரும் செல்லப்பாண்டியைப் பார்த்தார்கள். அவர் எழுந்து நான்கடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

"ஏறு, பாண்டி," என்றார் முதலாளி.

"வேணாம் மொதலாளி. எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைக இருக்கு."

"ஏறாட்டி இனிமே எந்த வண்டியிலயும் ஏற வேணாம்."

செல்லப்பாண்டி தலையைக் குனிந்துகொண்டார். ஏறவில்லை. முதலாளி என் பக்கம் திரும்பினார். "பாத்தியா? கொண்டாந்துட்ட. இப்ப யாரு ஓட்டுறது?"

"நான் ஓட்டுறேங்க," என்றேன்.

பாதி திறந்த கதவு

பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் சோதித்து, சாலையில் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்து, மூட்டைகளை ஏற்றினோம். என் வண்டியை வெள்ளையம்மாள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். "வெரசா வந்து எடுத்துக்க தம்பி. ரோட்ட மறிச்சுக் கெடக்கு," என்றார். ஓரமாக ஒதுக்கிவிட்டுத்தான் கிளம்பினேன்.

சரக்கோடு ஒரு ஆள் போக வேண்டும் என்று முதலாளி செல்லப்பாண்டியை என் பக்கத்தில் ஏற்றிவிட்டு, ஜீப்பில் முன்னால் போய்விட்டார்.

வேலை போய்விடுமே என்று செல்லப்பாண்டி ஏறினார். ஆனால் கதவைச் சாத்தவில்லை. பாதி திறந்து வைத்து, ஒரு காலைப் படியில் ஊன்றிக்கொண்டார்.

"கதவச் சாத்துங்கண்ணே. வளைவுல மரத்துல இடிக்கும்."

"இருக்கட்டும். எந்நேரமும் குதிக்கலாம்ல."

"நான்?"

"நீ கேட்டு ஏறுனவன். ஒஞ்சோலி."

கொடைக்கானலைக் கடந்து பெருமாள்மலை வரை அப்படியே வந்தோம். எதிரே வந்த லாரிக்காரர்கள் திறந்த கதவையும் வளைந்த பம்பரையும் பார்த்து விளக்கைப் போட்டுக் காட்டினார்கள். குளிர்காற்று உள்ளே அடித்து, கண்ணாடி முன்னால் தொங்கிய காய்ந்த மாலை ஆடிக்கொண்டே வந்தது. நானும் துணிச்சலாக இருந்ததாக நினைக்க வேண்டாம். ஒவ்வொரு வளைவிலும் அவர் சொன்ன பிணமும் என்னோடுதான் திரும்பியது. ஆனால் ஸ்டியரிங் என் கையில் இருந்தது. பயத்தோடு ஓட்டுவது ஒன்று, பயத்துக்காக ஓட்டாமல் இருப்பது வேறு.

ஊத்து தாண்டி இறக்கம் கூடியது. ஒரு வளைவில் நான் கியரைக் குறைத்தபோது வண்டி ஒரு முறை முக்கிக் குலுங்கியது. செல்லப்பாண்டியின் முகம் சுளித்தது. அடுத்த வளைவிலும் அப்படியே. அவரால் தாங்க முடியவில்லை.

"அப்பிடி இல்லப்பா. இது கெழட்டு வண்டி. கிளட்ச முழுசா மிதிச்சு, ஒரு மூச்சு விட்டுப் போடணும்."

அடுத்த வளைவில் அவர் சொன்னபடி செய்தேன். கியர் வெண்ணெயில் கத்தி போல விழுந்தது.

"ம்," என்றார். "சிலோன்லயும் வளைவு இப்பிடித்தானா?"

"அங்க இதவிட மோசம்ணே. ஒரு பக்கம் தேயில, ஒரு பக்கம் ஒண்ணுமே இல்ல."

"பொய் சொல்லாத."

"வேணும்னா போய்ப் பாருங்க. என்னத்தான் திரும்ப விடமாட்டானுக."

அவர் சிரித்தார். காலை உள்ளே எடுத்தார். டம் டம் பாறை வருவதற்கு முன்னால் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பார்க்காதது போல ஓட்டினேன்.

மண்டி வாசலில்

வத்தலக்குண்டுக்கு இறங்கியதும் அந்த வெக்கை முகத்தில் அடித்தது. மண்டி வாசலில் முதலாளி நின்றிருந்தார். சுற்றிலும் அவருடைய ஆட்கள், மற்ற லாரிகளின் டிரைவர்கள். செய்தி எங்களுக்கு முன்பே இறங்கியிருந்தது. ஒருவர் என்னைத் தொட்டுப் பார்க்காத குறை.

மூட்டைகள் இறங்கின. நான் சாவியை நீட்டினேன். முதலாளி வாங்கவில்லை.

"நீயே வச்சுக்க. நாளைல இருந்து இந்த வண்டி உனக்கு. வெள்ளனே வந்துரு."

செல்லப்பாண்டி என் பின்னால்தான் நின்றிருந்தார். அவருக்கும் கேட்கட்டும் என்றுதான் முதலாளி சத்தமாகச் சொன்னார்.

ஒப்புக்கொள்கிறேன், ஆசையாகத்தான் இருந்தது. இதே மண்டியைச் சேர்ந்த ஷெட்டில்தான் என் விரல்களைப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். ஆனால் அவர் கொடுப்பது வேலை அல்ல என்பது எனக்கு விளங்கியது. மற்றவர்கள் ஏற மாட்டார்கள். எனக்கு ஏதாவது ஆனால் கேட்க ஆள் இல்லை. அதற்காகத்தான் இந்தச் சாவி.

"எனக்கு வேணாங்க. எனக்கு ஒரு வண்டி இருக்கு," என்றேன்.

"அந்தப் பாடையா?"

"அதேதாங்க. பூம்பாறையில ரோட்டோரம் நிக்குது. போய் எடுக்கணும்."

"அப்ப இத யாருலே ஓட்டுறது?"

நான் பதில் சொல்வதற்குள் செல்லப்பாண்டி என் கையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டார். வளைந்த பம்பரைக் காலால் ஒரு உதை உதைத்துப் பார்த்தார். "மேல இருந்து கீழ வரைக்கும் இதுலதான் வந்துருக்கேன். ஒண்ணும் ஆகல. நானே ஓட்டிக்கிறேன் மொதலாளி," என்று சொல்லிவிட்டு, ஏறி உட்கார்ந்து, லாரியை ஷெட்டுக்குக் கொண்டுபோனார். வாசலில் நின்ற டிரைவர்கள் வழி விட்டார்கள்.

தங்கராசு முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"ரொம்பத்தான் திமிருலே உனக்கு."

"வண்டி மறுபடி விழுந்தா ஆள் அனுப்புங்க முதலாளி, வர்றேன். ஆனா எந்தப் பக்கமா இழுக்குறதுன்னு நான்தான் சொல்லுவேன்."

கொடைக்கானல் பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.